பால் கட்டிப்போச்சு

நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் அதற்கு லேட்டக்ஸ் என்று பெயர். ஈப்போவுக்கு வெளியே இருக்கும் ரப்பர் கையுறைத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடம் அது. காலையில் ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்து இறங்கும் பீப்பாய்களிலிருந்து மாதிரி எடுத்து, அமோனியா எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்று பார்த்து எழுதுவது என் வேலை. கூட இருப்பவர்கள் யாரும் அதைப் பால் என்று சொல்வதில்லை. நானும் சொல்வதில்லை. மனத்துக்குள் மட்டும் அது இன்னும் பால்தான்.

பீடோரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே எல்லோரும் எல்லா வேலையையும் நடத்தினார்கள். மரத்தில் வடிவது பால். வடிந்து முடிந்தபின் சீவின கோட்டில் காய்ந்து ஒட்டியிருப்பது ஒட்டுப்பால். மரத்தில் மாட்டிய மங்கிலேயே, அந்தச் சின்னக் கிண்ணத்திலேயே, உறைந்துவிட்டால் கட்டிப்பால். தேநீரில் ஊற்றுவது டின் பால். தம்பி குடிப்பதும் பால். சொல்கிறவரின் முகத்தைப் பார்த்தாலே எந்தப் பால் என்று தெரிந்துவிடும் என்பது பெரியவர்களின் எண்ணம். எனக்கு அப்போது ஒன்பது வயது. முகத்தைப் பார்த்துப் பொருள் கொள்வதில் மந்தம். சொன்னதைச் சொன்னபடி போய்ச் சொல்வதில் கெட்டிக்காரி.

தம்பியை வயிற்றில் வைத்துக்கொண்டே அம்மா மரம் சீவினாள். ரப்பர் மரத்தைச் சீவச் சீவக் கோடு கீழே இறங்கும். அம்மாவின் வயிறு ஏற ஏற, அவளுடைய மரங்களில் கோடு தரையை நெருங்கிக்கொண்டிருந்தது. குனிய முடியாமல் ஒவ்வொரு மரத்தின் முன்னாலும் முழங்காலில் உட்கார்ந்து சீவிவிட்டு, மரத்தையே பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள். அப்பாவின் தங்கையான அத்தைக்கு அடுத்த மர நிரை. அவள் அங்கிருந்தே கத்துவாள்.

“என்னா அண்ணி, மரத்துக்கு மரம் விழுந்து கும்புடுறீங்க? ஆம்பளப் புள்ள வேணும்னு வேண்டுதலா?”

ஆண்பிள்ளையே பிறந்தது. அப்பா தெலுக் இந்தானில் ஒரு மரம் அறுக்கும் ஆலையில் இருந்தார். சனிக்கிழமை வந்து தம்பியைப் பார்த்துவிட்டு ஞாயிறு மாலை பஸ் ஏறிவிடுவார். பேறுகால விடுப்பு முடிந்ததும் அம்மா மறுபடி வேலைக்குப் போனாள். தம்பி ஆயாக் கொட்டாய்க்குப் போனான். தாய்மார் வேலைக்குப் போனபின் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. உத்தரத்திலிருந்து வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். ஒரு தொட்டிலில் அழுகை தொடங்கினால் அது கடைசித் தொட்டில் வரை போய்த் திரும்பும்.

முன்பெல்லாம் கைக்குழந்தைக்காரிகள் சீவி முடித்ததும் ஒரு நடை கீழே வந்து, பால் கொடுத்துவிட்டு, மங்குகளில் பால் வடிந்து முடிவதற்குள் திரும்பிவிடுவார்கள். இப்போது நாங்கள் குடியிருந்த லயங்களுக்குப் பக்கத்தில் இருந்த மரங்களைச் சாய்த்துச் செம்பனை நடத் தொடங்கியிருந்தார்கள். அம்மாவுக்கு ஓடைக்கு அந்தப் பக்கம், மேட்டில் நிரை கிடைத்தது. எங்களை வேலை வாங்கும் மண்டோரும் புதியவர். காம்பார் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த இளவயதுக்காரர். வேலையாட்களை மேய்க்கும் விதிகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். பால் எடுத்து முடிக்கும்வரை யாரும் நிரையை விட்டு இறங்கக் கூடாது என்பது அவற்றில் முதல் விதி.

அம்மா ஒரே ஒரு முறை கேட்டாள்.

“மண்டோரண்ணே, புள்ளைக்குப் பால் குடுக்கணும். ஓடிப்போயிட்டு ஓடியாந்துருவேன்.”

“அக்கா, ஒங்களுக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க. தொர வந்து பார்த்தா நான் என்னா சொல்றது? பெரிய கஷ்டம், சூசா லா. ஆயாகிட்ட டின் பால் இருக்குல்ல, கலக்கிக் குடுக்கச் சொல்லுங்க.”

ஆயா கலக்கித்தான் கொடுத்தார். போத்தலின் முனையில் ஒரு ரப்பர் காம்பு இருந்தது. எங்கள் தோட்டத்திலிருந்து போன பாலே எங்கெங்கோ சுற்றி அந்தக் காம்பாகத் திரும்பி வந்திருக்கலாம். தம்பிக்கு அந்த உறவு புரியவில்லை. வாயில் வைத்ததும் நாக்கால் தள்ளினான். பசி தாங்காமல் எப்போதாவது குடித்தால், குடித்ததைவிட அதிகமாகக் கக்கினான். தோட்டத்து மருந்தகத்து டிரெசர் அவனைத் தராசில் போட்டுவிட்டு, எடை ஏறவே இல்லை, அடுத்த முறையும் இப்படியே இருந்தால் டவுனுக்குக் கொண்டுபோய்ப் பெரிய டாக்டரிடம் காட்ட வேண்டியதுதான் என்றார். அம்மா வீட்டுக்கு வந்து அவன் தொடையை இரண்டு விரலால் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது பள்ளி விடுமுறை. அம்மா என்னைத் துணைக்குக் கூட்டிப்போனாள். அவள் சீவுவதற்கு முன்னால் ஓடி ஒட்டுப்பாலை உரித்துச் சாக்கில் போடுவேன். மங்கைத் துடைத்துக் கம்பியில் மாட்டுவேன். அம்மா அப்பாவின் பழைய நீளக்கைச் சட்டையைப் போட்டிருப்பாள். சட்டைக்குள் மார்பைச் சுற்றி ஒரு துண்டை இறுக்கிக் கட்டியிருந்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, கொசு என்றாள். சீவி முடித்தபின், “வாளியப் பாத்துக்க” என்று சொல்லிவிட்டு ஓடையோரம் இருந்த பெரிய மரத்துக்குப் பின்னால் போவாள். எனக்கு முதுகு மட்டும் தெரியும். கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பாள். திரும்பி வரும்போது முகம் கழுவியிருக்கும்.

ஒருநாள் தண்ணீர் குடிக்கப் போனபோது அந்த மரத்தின் வேரடியில் பார்த்தேன். காய்ந்த இலைகளின் மேல் வெள்ளையாகச் சிதறிக் கிடந்தது. பால். அம்மா சிந்தியிருக்கிறாள். பாலைச் சிந்தினால் மண்டோர் என்ன பேச்சுப் பேசுவார் என்று எனக்குத் தெரியும். நல்ல இலைகளாக அள்ளிக்கொண்டு வந்து போட்டு, மேலே ஒருமுறை மிதித்தும் வைத்தேன். அன்றிலிருந்து அது என் வேலைகளில் ஒன்றாகிவிட்டது: ஒட்டுப்பால் உரிப்பது, மங்கு துடைப்பது, சிந்தினதை மூடுவது. அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வெட்கப்படுவாள் என்று நினைத்தேன்.

அப்படி இருக்கையில் ஒரு காலை, அம்மா பாதி நிரை சீவும்போதே மரத்தில் சாய்ந்துகொண்டாள். எப்படியோ மீதியையும் சீவி முடித்தாள். பெரிய மரத்துக்குப் பின்னால் போய் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றாள். திரும்பி வந்து வேரில் உட்கார்ந்தபோது பற்கள் அடித்துக்கொண்டன. தொட்டுப் பார்த்தேன், உடம்பு கொதித்தது.

“ரெண்டு பக்கமும் பால் கட்டிப்போச்சு” என்றாள். “மண்டோர்கிட்டப் போயி, அம்மாவுக்குப் பால் கட்டிப்போச்சு, கீழ போகணுமாம்னு சொல்லு.”

நான் ஓடினேன். ஓடும்போது வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன். மண்டோர், எடுத்த பாலைக் கொண்டுபோய் நிறுக்கும் பால் கொட்டாய் வாசலில் மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்திருந்தார்.

“அம்மாவுக்குப் பால் கட்டிப்போச்சு.”

“கட்டிப்போச்சா!” அவர் இறங்கியே விட்டார். “இந்நேரத்துக்கே எப்படிக் கட்டும்? அமோனியா ஊத்தலியா ஒங்கம்மா? காலையில பெரட்டுல பேரு கூப்புடுறப்ப கையில குடுத்தேனே!”

மரத்துப் பால் உறையாமல் இருக்கச் சில சொட்டு அமோனியா விடுவார்கள். அம்மா அதை விட்டாளா என்று எனக்கு ஞாபகம் இல்லை. தெரியவில்லை என்றேன்.

“எவ்வளவு கட்டிப்போச்சு?”

“ரெண்டு பக்கமும்.”

“அடக் கடவுளே, நெர முழுசுமா!” கொட்டாய்க்குள் ஓடி ஒரு போத்தல் அமோனியாவை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். “மூடியத் தொறக்காத. இறுக்கிப் புடிச்சிக்க. ஏறு.”

அம்மா கீழே போக வேண்டும் என்ற பாகத்தை நான் மோட்டார் சைக்கிளில் ஏறியபின் சொன்னேன். சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

மேட்டுக்கு வந்ததும் அவர் அம்மாவைப் பார்க்கவே இல்லை. நேராக மங்குகளைப் பார்த்தார். ஒன்று, இன்னொன்று, எதிர்வரிசையில் இன்னொன்று. எல்லாவற்றிலும் பால் தண்ணீராக, அழகாக இருந்தது. வாளிகளின் மூடியைத் திறந்தார். இன்னும் பால் எடுக்கவே தொடங்கவில்லை, வாளிகள் காலி.

“எங்கக்கா கட்டிப்போச்சு?”

அம்மா சட்டையை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். மண்டோர் ஓடைப் பக்கம் நடந்தார். அவருடைய பூட்ஸ் இலைகளைத் தள்ளியது. நான் நேற்றுவரை மூடி வைத்தது, இன்று மூட நேரமில்லாமல் விட்டது, எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது.

“ஓஹோ. பாலச் சிந்திட்டு எலையப் போட்டு மூடி வேற வச்சிருக்கீங்களா?”

அம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். இலை விஷயம் அவளுக்குத் தெரியாது. மண்டோர் குனிந்து ஈரமாக இருந்ததை ஒரு விரலால் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார். மரத்துப் பால் என்றால் தேய்க்கத் தேய்க்கத் திரண்டு ஒட்டும். இது ஒட்டவில்லை.

“என்னா இது, ஒட்டவே மாட்டேங்குது? பால்ல தண்ணி கலக்குறீங்களாக்கா?”

பக்கத்து நிரையிலிருந்து அத்தை இதற்குள் வந்துவிட்டிருந்தாள். ஒரு பார்வை அம்மாவை, ஒரு பார்வை என் கையிலிருந்த போத்தலை. பிறகு வாளியைக் கீழே வைத்தாள், சிரிப்பதற்கு வசதியாக.

“மண்டோரண்ணே, அது தண்ணியே கலக்காத பால் லா. ஆயாக் கொட்டாயில ஒரு புள்ள டின் பாலக் கக்கிட்டுக் கெடக்குது, அதுக்கு வரவேண்டியது. அண்ணிக்கு மாரு கட்டிப்போயிக் காய்ச்சல் அடிக்குது. நீங்க என்னான்னா அமோனியாவத் தூக்கிக்கிட்டு வாரீங்க! எங்க ஊத்தப் போறீங்க, சொல்லுங்க பாப்போம்?”

மண்டோர் அந்த விரலைப் பார்த்தார். கால்சட்டையில் துடைக்கப் போனவர், துடைக்காமல் கையைத் தொங்கவிட்டார். பிறகு காலால் மெல்ல இலைகளைத் தள்ளித் தள்ளி அதை முன்போலவே மூடினார். நான் மூடியதைவிட நன்றாக மூடினார்.

“கீழ போங்கக்கா” என்றார், மரத்தைப் பார்த்து. “ஒங்க நெரைய நாங்க எடுத்துக்கிறோம்.”

நான் மண்டோருக்குப் பயந்து மூடினதுபோல இவர் துரைக்குப் பயந்து மூடுகிறார் என்று நான் புரிந்துகொண்டேன்.

அம்மா நடந்தாள், நான் பின்னால் நடந்தேன். ஆயாக் கொட்டாய் தூரத்தில் இருக்கும்போதே தம்பியின் குரல் கேட்டது. அழுது அழுது தேய்ந்த குரல். அம்மா கடைசித் தூரத்தை ஓடினாள். ஆனால் மடியில் போட்டதும் அவன் வாயை வைத்து வைத்து எடுத்து இன்னும் கோபமாகக் கத்தினான்.

“கல்லு மாதிரி இருக்கு, புள்ள எப்படிடி புடிக்கும்?” என்றார் ஆயா. “சுடுதண்ணி வைக்கிறேன், ஒத்தடம் குடுத்துக் கொஞ்சம் பீச்சிவிட்டுட்டு அப்புறம் போடு.” பிறகு மூக்கைச் சுருக்கினார். “இந்தக் கர்மம் புடிச்ச நாத்தம் எங்கேருந்து வருது?”

போத்தல் இன்னும் என் கையில் இருந்தது. அது தேவையில்லை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆயா என்னைப் போத்தலோடு வெளியே துரத்தினார். வாசல் மாமரத்தடியில் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே அம்மா ஒருமுறை பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். தம்பி கத்தினான். ஆயா ஏதோ அதட்டினார். பிறகு திடீரென்று கத்தல் நின்றது. பயந்து சன்னலுக்குக் கீழே போய்க் காதை வைத்தேன். மடக் மடக் என்று விழுங்கும் சத்தம் கேட்டது. நடுவில் ஒரு மூச்சு, மறுபடி மடக் மடக்.

அதற்குப் பிறகு ஒரு காலைப் பெரட்டில், எல்லோரையும் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும்போது, கைக்குழந்தைக்காரிகள் சீவி முடித்ததும் ஒருதடவை கீழே இறங்கலாம் என்று மண்டோர் சொன்னார். துரையிடம் என்ன சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தார் என்று தெரியாது. அம்மாவுக்கு ஆயாக் கொட்டாய்க்குப் பக்கத்திலேயே வேறு நிரை கொடுத்தார். இன்னொரு மாற்றமும் நடந்தது. பெண்கள் இருக்கும் இடத்தில் அவர் பால் என்று சொல்வதையே விட்டுவிட்டார். “அக்கா, லேட்டக்ஸ் கொண்டாங்க” என்பார். அத்தை தலையில் கை வைத்துக்கொண்டு, “வந்துட்டாருடி வெள்ளக்காரரு” என்பாள். மண்டோர் இங்கிலீஷ் படிக்கிறார், சீக்கிரம் பெரிய வேலைக்குப் போய்விடுவார் என்று நான் நினைத்தேன்.

தம்பியின் எடை ஏறியது. டிரெசர் டவுன் பேச்சை எடுக்கவில்லை. அம்மா சட்டைக்குள் துண்டு கட்டுவதை நிறுத்தினாள். புதிய நிரையில் கொசு குறைவு போலும்.

பள்ளி திறப்பதற்கு முன் கடைசியாக நிரைக்குப் போன நாளில், அம்மா கீழே போயிருந்த நேரத்தில், நான் மரம் மரமாக வேரடியைச் சோதித்தேன். எங்கும் வெள்ளை இல்லை. மூடுவதற்கு ஒன்றும் இல்லை. அம்மா ஒருவழியாக வேலையைச் சரியாகக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று பெருமையாக இருந்தது. அத்தையிடம் போய்ச் சொன்னேன்.

“அம்மா இப்பல்லாம் ஒரு சொட்டுப் பால்கூடச் சிந்துறதில்ல, அத்த.”

அத்தை கத்தியைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

“எப்படிடி சிந்தும்? இப்ப கீழ ஒரு வாளி வாயத் தொறந்து வச்சுக்கிட்டுல்ல காத்திருக்கு.”

நான் திரும்பி எங்கள் வாளிகளைப் பார்த்தேன். இரண்டும் நன்றாக மூடித்தான் இருந்தன.