ஏழாவது சுருதி

சுனாமிக்கு நாலைந்து வருடம் கழித்து, புதுக்கடையில் நான் ஆசிரியையாக இருந்தபோது, நான் குடியிருந்த வீட்டின் மாடி அறையில் ஒரு சாக்ஸபோன்காரர் குடியிருந்தார். நெடுநெடுவென்று ஒல்லியான மனிதர். கப்பலில் ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்தவரை, முகவாதம் வந்து வாய் கோணியதும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். காற்று கசியாமலிருக்க உதட்டின் இடது ஓரத்தில் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்வார்.

நான் பள்ளி விட்டு வரும் நேரத்தில் பயிற்சி தொடங்கும். நாலே சுரங்கள் கொண்ட ஒரு சின்ன மெட்டு. அதையே பன்னிரண்டு சுருதியிலும் மாற்றி மாற்றி வாசிக்க வேண்டும். அது விரலில் படிந்தால்தான் மேடையில் மனம் போனபடி வாசிக்க முடியுமாம். ஏழாவது சுருதி முடிந்ததும் உதடு தளர்ந்து வெறும் காற்று வரும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

"வாய் சரியாவும்னு டாக்டர் சொன்னாரா அண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இனி ஆவாதுன்னுட்டாரு டீச்சரே."

"பின்ன எதுக்கு இந்தப் பாடு?"

"வேற என்ன செய்யன்னு எனக்குத் தெரியல்ல."

ஒரு மழை நாள் மாலையில், கீழே இருந்து சுருதிகளை எண்ணிக்கொண்டிருந்த நான், எட்டு வந்ததும் மாடிக்கு ஓடினேன்.

"அண்ணே, எட்டு வந்தாச்சு!"

அவர் வாத்தியத்தை மடியில் இறக்கினார். "இல்ல டீச்சரே. அஞ்சாவத ரெண்டு தடவ வாசிச்சிட்டேன். இதும் ஏழுதான்."

சொல்லாதிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. அந்த ஒரு மாலையாவது இருவரும் சந்தோஷமாக இருந்திருக்கலாம். அவர் ஏன் சொன்னார் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.