பழைய சர்வரும் பிரான்ஸ் கீபோர்டும்

நெடுங்காட்டில் நான் வேலை பார்க்கும் அரிசி ஆலையின் பழைய சர்வருக்கு எந்த லினக்ஸ் போடலாம் என்று நேற்று இங்கே கேட்டிருந்தேன். ஆளுக்கொன்று சொன்னீர்கள்.

இன்று அதில் ஒன்றான டெபியன் போட்டேன். சர்வர் முன்னால் உட்கார்ந்து பாஸ்வேர்டு அடித்தால் திறக்கிறது. அதையே என் லேப்டாப்பிலிருந்து அடித்தால் தப்பு என்கிறது.

அழித்துவிட்டு உபுண்டு போட்டேன். அதே கதை.

"என்ன தம்பி, பேய் கீய் புடிச்சிருச்சா? நெல்லு வண்டி வந்து நிக்கிது, பில்லு போடணும்ல" என்றார் முதலாளி.

தலையைச் சொறிந்துகொண்டு குனிந்தபோதுதான் சர்வரின் கீபோர்டைச் சரியாகப் பார்த்தேன். க்யூ இருக்க வேண்டிய இடத்தில் ஏ.

"அதுவா? மச்சான் பிரான்சுலேர்ந்து கொண்டாந்ததுப்பா!" என்றார் முதலாளி.

நானோ இன்ஸ்டால் செய்யும்போது நம்ம ஊர் கீபோர்டு என்று சொல்லியிருந்தேன். பாஸ்வேர்டில் ஏ என்று பார்த்துப் பார்த்து அடித்ததெல்லாம் க்யூவாக உள்ளே போயிருக்கிறது; லேப்டாப்பில் அடித்த ஏ மட்டும் ஏயாகவே போயிருக்கிறது.

ஆளுக்கொரு லினக்ஸ் சொன்னீர்களே, கீபோர்டு எந்த ஊரென்று ஒருத்தராவது கேட்டீர்களா?