கறிவேப்பிலைக்கு யார் காசு கொடுப்பது?

அண்மையில் ஒரு சனிக்கிழமை காலை, ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் பத்து ரூபாய்க்காக ஒரு கலகம் நடந்தது. போலீஸ் வரவில்லை. கோமதி மாமி வந்தார். அதுவே போதுமானதாக இருந்தது.

காரணம் ஒரு அட்டை. ஸ்டெல்லாவின் பெட்டி ஆட்டோவில், பச்சைக் குவியல் ஒன்றின் மேல் அது செருகப்பட்டிருந்தது. 'கறிவேப்பிலை – ஒரு கட்டு 10 ரூபாய்.'

ஸ்டெல்லா மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். 'சாலை' என்று நாங்கள் சொல்லும் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் வருடக்கணக்கில் சேலை விரித்துக் காட்டியவர். நின்று நின்று கால் வீங்கிப்போக, வேலையை விட்டுவிட்டு வித்துராவில் கொஞ்சம் நிலத்தைப் பாட்டத்துக்கு – அதாவது குத்தகைக்கு – எடுத்தார். மருந்து அடிக்காமல் காய்கறி போடுகிறார். சனிக்கிழமைதோறும் வண்டியை அவரே ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் தெருவில் விற்கிறார். நடுவில் தரகர் இல்லை, கடைக்காரர் இல்லை. செடியிலிருந்து நேராக எங்கள் பைக்கு.

பயறு – காராமணிக்காய்க்கு இங்கே அதுதான் பெயர் – பாகற்காய், வெண்டைக்காய் எல்லாம் சாலை விலையைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆர்கானிக் என்றால் அப்படித்தான் என்று தெரு ஒப்புக்கொண்டுவிட்டது. கறிவேப்பிலை மட்டும் கொசுறு. பை நிறைந்ததும் மேலே ஒரு கொத்து வைப்பார். சாலையிலும் அப்படித்தானே தருகிறார்கள்?

நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பவள். தொழில் பழக்கம். ஒரு விஷயம் கவனித்தேன். வண்டி வந்ததும் யாரும் பயறைப் பார்ப்பதில்லை. 'இலை இருக்கா?' என்றுதான் முதல் கேள்வி. எந்தக் காயில் மருந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும், வெளியூர்க் கறிவேப்பிலையில் நிச்சயம் இருக்கும் என்பது எங்கள் தெருவின் உறுதியான நம்பிக்கை. ஆக, எல்லாரும் வருவது எதற்கு? விலையே இல்லாத அந்த ஒரு கொத்துக்கு.

இதை நான் என்னோடு வைத்துக்கொண்டிருக்கலாம்.

ஆனால் ஒரு நாள் ஸ்டெல்லா என் வீட்டு வாசலில் நின்று சொன்னார். "எக்கா, இந்த மாசக் கடைசிக்குள்ள பாட்டம் தொடருதனா இல்லையான்னு நெலத்துக்காரர் கேக்காரு. பயறு வித்ததுல ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. வண்டி டீசலுக்கே போவுது. பழைய மொதலாளி வேணும்னா திரும்ப வான்னு சொல்லுதாரு. நீங்க பேப்பர்ல வெலயெல்லாம் எழுதுன ஆளுல்லா... ஒரு வழி சொல்லுங்க."

சாலைக் கடைத்தெருவின் விலை நிலவரத்தை நான் பத்திரிகையில் பல வருடம் எழுதியது உண்மை. தேங்காய் ஏறியது, மிளகு இறங்கியது என்று எழுதுவேன். ஏன் ஏறியது என்று யாரும் கேட்டதில்லை. இருந்தாலும் கேட்டுவிட்டாரே... "எதுக்காக வராங்களோ அதுக்கு விலை வைங்க" என்றேன். தெளிவான யோசனை. எந்தப் பாடப்புத்தகமும் ஒப்புக்கொள்ளும்.

கோமதி மாமி ஒப்புக்கொள்ளவில்லை.

"ஏண்டிம்மா, கறிவேப்பிலைக்குமா வெல? நாளைக்குத் தராசுல வெக்கறதுக்கும் காசு கேப்பியா?"

"மாமி, இதுல மருந்து இல்ல. அதுக்குத்தானே எங்கிட்ட வாறீங்க."

"சாலைல சும்மா போடறானே."

"அது மருந்து அடிச்சதுல்லா?"

"அது வேற, இது வேற. கறிவேப்பிலைக்குக் காசு குடுத்தேன்னு ஆத்துல போய்ச் சொல்ல முடியுமோ?"

முடியாதுதான் போலிருக்கிறது. அன்று கட்டுகள் அப்படியே வாடின. பயறும் பாதி திரும்பிப் போனது.

அடுத்த வாரம் ஸ்டெல்லா அட்டையை எடுத்துவிட்டார். இலையையும் எடுத்துவிட்டார். பயறும் பாகற்காயும் மட்டும். மாமிகள் வந்து எட்டிப் பார்த்தார்கள். "இல இல்லையா? சரி, அடுத்த வாரம் பாக்கலாம்" என்று போய்விட்டார்கள். காசு கொடுத்து வாங்கமாட்டார்கள். இல்லையென்றால் வரவும் மாட்டார்கள். நான் ஜன்னலை மூடிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் அவராகவே ஒன்று செய்து பார்த்தார். பயறு கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏற்றினார். இலை பழையபடி சும்மா. அவ்வளவுதான். அதே பத்து ரூபாய், இடம் மட்டும் மாறி உட்கார்ந்திருக்கிறது. தெருவே சந்தோஷமாக வாங்கியது. "இப்படி மரியாதையா இருந்தா என்ன?" என்றார் கோமதி மாமி. எது மரியாதை, எது அவமரியாதை? எனக்குப் புரியவில்லை. ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவருக்கும் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அப்போதுதான் ராமசேஷன் மாமா வந்தார். சாலையில் அரிசி மண்டியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர்.

"ஸ்டெல்லா, பத்து ரூபா ஏத்திருக்கியே... அது இலைக்கான பைசாதானே?"

ஸ்டெல்லா தலையாட்டினார்.

"எங்காத்து மொட்டமாடில கறிவேப்பில மரம் இருக்கு, கேட்டியா. நேக்கு இல வேண்டாம். பழைய வெலைக்குப் பயறு தா."

நியாயம்தானே? ஸ்டெல்லா பழைய விலைக்குக் கொடுத்தார். வரிசையில் அடுத்து நின்றவர் வீட்டிலும் ஒரு மரம் முளைத்தது. அதற்கடுத்தவர் வீட்டிலும். ஐந்து நிமிடத்தில் எங்கள் தெரு ஒரு கறிவேப்பிலைத் தோப்பாகிவிட்டது. பழைய விலைக்குப் பயறு வாங்கி, பையை மூடும்போது ஒவ்வொருவரும் மெதுவாக – "ஒரே ஒரு கொத்து போடேன்."

எல்லாரும் போனதும் ஸ்டெல்லா வண்டியில் சாய்ந்துகொண்டார்.

"எக்கா, இத்தன வீட்ல மரம் நின்னா, வெள்ளன எழும்பி எனக்க வண்டிய எதுக்குப் பாத்துட்டு நிக்காங்க?"

"நாளைக்கு நெலத்துக்காரர்ட்ட வேண்டாம்னு சொல்லிருதேன்" என்றார். தராசை எடுத்து வண்டிக்குள் வைத்தார்.

வண்டி கிளம்பும் நேரத்தில் மாமா வேகமாக வந்தார். கையில் பை, முகத்தில் சங்கடம்.

"ஒரு கொத்து தருவியா?"

"மாமா, உங்க வீட்ல மரம் நிக்கே."

"நிக்கறது. மாமி அதத் தொடமாட்டேங்கறா." குரலைத் தாழ்த்தினார். "போன வாரம் பூச்சி வந்துதேன்னு நான் கொஞ்சம் மருந்து அடிச்சுட்டேன்."

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. இரண்டு பேருக்கும் அது எளிதாக இருக்கவில்லை. ஸ்டெல்லா இலைக்கட்டிலிருந்து பெரிய கொத்தாகப் பார்த்து எடுத்து வைத்தார். மாமா பத்து ரூபாயை நீட்டினார்.

"இலைக்கா மாமா?"

"சே, இலைக்கு யாரானும் பைசா குடுப்பாளா? பயறுக்கு. புது வெலை என்னவோ அதையே எடுத்துக்கோ. அடுத்த வாரத்துலேந்து யாரு கேட்டாலும் கொறைக்காதே. கோமதிகிட்ட நான் பேசிக்கறேன்."

பேசினார் போலிருக்கிறது. என்ன பேசினார் என்று தெரியாது. மருந்து அடித்ததைச் சொல்லியிருக்கமாட்டார். அடுத்த சனிக்கிழமை யார் வீட்டிலும் மரம் இல்லை. புது விலைக்குப் பயறு தீர்ந்தது. பாகற்காயும் தீர்ந்தது. ஒவ்வொரு பையின் மேலும் ஒரு கொத்து, இலவசமாக.

அன்று நெடுநேரம் கழித்துத்தான் கேட்கத் துணிந்தேன். "நிலத்துக்காரர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"தொடருதேன்னு சொல்லிட்டேன் எக்கா. ஜவுளிக்கடைக்கும் போன்ல விளிச்சு வரலைன்னு சொல்லியாச்சு. பக்கத்துல சும்மா கெடக்க துண்டையும் சேத்து எடுத்திருக்கேன்."

"அதுல என்ன போடப் போறீங்க? பயறா?"

"கறிவேப்பில."

"விக்கவா?"

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இல்லக்கா. சும்மா குடுக்கத்தான்."

இலவசமாகக் கொடுப்பதற்கென்றே குத்தகைக்கு நிலம் எடுத்த ஒருவரை நான் இப்போதுதான் பார்க்கிறேன். இது எப்படிக் கட்டுப்படியாகிறது என்று யாராவது விளக்கினால் நன்றியுடன் கேட்டுக்கொள்வேன்.

அதுவரை நானும் அரைக்கிலோ பயறு வாங்கிக்கொண்டிருக்கிறேன் – எங்கள் வீட்டில் யாரும் பயறு சாப்பிடுவதில்லை.