மாடியில் தொங்கிய போர்டு

மாடியில் தையல் நிலையம் என்று போர்டு தொங்கிய நாளிலிருந்து பெரியவளுக்கு வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. தைப்பது அவள் ஓர்ப்படி, கொழுந்தன் பெண்டாட்டி. அவள் தைத்த காலரில் ஒரு முனை வாசலைப் பார்க்கும், மறுமுனை கொல்லையைப் பார்க்கும். அவளுக்குப் பள்ளிச் சீருடை ஆர்டர். பதினெட்டு வருடமாக மெஷின் மிதிக்கும் இவளுக்கு, கீழ்வீட்டில் உட்கார்ந்து அதே சட்டைகளுக்குப் பொத்தான் துளை தைத்துக் காஜா எடுக்கும் வேலை.

லைசென்ஸ் இருந்தால்தான் பள்ளிக்கூடம் ஆர்டர் கொடுக்கும். வீட்டுச் சொந்தக்காரர் சம்மதக் கடிதம் இல்லாமல் லைசென்ஸ் கிடையாது. மூன்று வருடத்தில் மூன்று தடவை புருஷனிடம் கடிதத்தை நீட்டியிருக்கிறாள். "நாலு பேர் வந்து போற சத்திரமா இது?" என்று மூன்று தடவையும் அவர் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

கீழ்வீடு அண்ணனுக்கு, மாடி தம்பிக்கு என்று பாகம் பேசி வெகுநாளாயிற்று. தன் மாடிக்குத் தம்பியே கையெழுத்துப் போட்டிருப்பான், கொடுத்து வைத்தவள் என்று பெரியவள் பொருமினாள்.

அன்று காலை காஜா எடுத்த சட்டைகளை மாடியில் கொண்டுபோய்க் கொடுத்தாள். மேஜைமேல் ஃபைல் திறந்து கிடந்தது. சம்மதக் கடிதத்தின் அடியில் நீளமாக வால் இழுத்த கையெழுத்து. புருஷன் போடும் அந்த வாலை அவளுக்குத் தெரியாதா?

"இது உங்க மாமா கையெழுத்தில்ல?"

"ஆமாக்கா, பத்திரம் இன்னும் மாமா பேருலதான இருக்கு. கேட்டதும் போட்டுக் கொடுத்தாங்க. உங்களுக்கு இதுலல்லாம் ஆசையில்லன்னு சொன்னாங்க."

பெரியவள் இறங்கினாள். ஓர்ப்படிமேல் இருந்த எரிச்சல் குறையவில்லை. கேட்டதும் கிடைத்திருக்கிறதே, அது இன்னும் சுட்டது.

கீழே புருஷன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "பொத்தான் அறுந்துபோச்சு, சீக்கிரம் தச்சுக் குடு" என்று சட்டையை நீட்டினார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். துணிகளுக்கு அடியிலிருந்து மூன்றாவது கடிதத்தை எடுத்து அவர்முன் வைத்தாள்.

"முதல்ல இதுல கையெழுத்து."

"இப்ப என்ன திடீர்னு?"

"மாடிக்குப் போட்டுக் குடுத்தீங்களே."

அவர் தலையைச் சொறிந்தார். "தம்பி பொண்டாட்டி வந்து கேக்குறா. மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

"என்கிட்ட மூணு தடவை எப்படிச் சொன்னீங்க?"

அவர் பனியனோடு நின்றார். பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அவள் ஊசியைத் தொடவில்லை.