லாரியை நிறுத்தும் குரல்

அக்காவின் குரலுக்கு ஒரு லாரியை நிறுத்தும் வலு இருந்தது. இதை உவமையாகச் சொல்லவில்லை. எங்கள் காகிதக் கிடங்கில் அவளுக்கு வேலையே அதுதான்.

ஆளுயரக் காகித உருளைகளை ஏற்றிவந்த லாரி, பின்வாங்கி வந்து சரக்கு மேடையோடு ஒட்டி நிற்க வேண்டும். ஓட்டுநருக்குப் பின்னால் நடப்பது தெரியாது. பக்கக் கண்ணாடியில் பாதி தெரியும், மீதியைக் காதால்தான் ஓட்டுவார்கள். அக்கா மேடை ஓரத்தில் நின்று, "வா வா வா, லெப்ட்ல ஒடி, இன்னும் ஒடி" என்பாள். வண்டி நேராகிவிட்டால் வாயை மூடிக்கொள்வாள். சத்தம் இல்லையென்றால் வந்துகொண்டே இருக்கலாம். "போதும்!" என்று விழுந்தால் பிரேக். யார்டின் சட்டம் அவ்வளவுதான். ஓட்டுநர்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'ஹாரன்'.

அந்தப் பெயரையும், 'போதும்' என்ற அந்தச் சொல்லையும் அக்கா வெறுத்தாள்.

என் சின்ன வயதில் அவள் எனக்கு அண்ணனாக இருந்தாள். பிறகு அக்காவானாள். அம்மா முதலில் அழுதாள், அப்புறம் திட்டினாள். கடைசியில் பூ வாங்கும்போது இரண்டு துண்டாக வாங்க ஆரம்பித்தாள். ஹார்மோன் மாத்திரைகள் அக்காவின் தோலை மாற்றின, முகத்தை மென்மையாக்கின. தொண்டையை மட்டும் தொடவில்லை. ஆணின் குரல் ஒருமுறை உடைந்து இறங்கிவிட்டால் மருந்தால் அதை மேலே ஏற்ற முடியாதாம். பேச்சுப் பயிற்சி தருபவரிடம் வருடக்கணக்கில் போனாள். நெஞ்சிலிருந்து பேசுவதை விட்டு, உதட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பேசக் கற்றுக்கொண்டாள். கடைகளில் அவளை "அக்கா" என்றார்கள். ஆனால் ஒரு தும்மல் வந்தால் போதும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

"தும்மினா உள்ளேருந்து ஒருத்தன் வந்து எட்டிப் பாத்துட்டுப் போறான்டா" என்பாள். சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வாள். தொலைபேசியை எடுக்கவே மாட்டாள். எடுத்தால் மறுமுனையில், "சொல்லுங்க சார்". அவளுக்கு வரும் அழைப்புகளுக்கெல்லாம் நான்தான் பதில் சொல்வேன்.

யார்டில் தப்பிக்க வழியே இல்லை. உதட்டுக் குரலில் "போதும்" சொன்னால் இன்ஜின் சத்தம் விழுங்கிவிடும். நெஞ்சைத் திறந்து கத்த வேண்டும். புதிதாக வந்த சுமைக்காரர்கள் கத்திய ஆணைத் தேடி அவளைத் தாண்டிப் பார்ப்பதை, ரசீது போடும் என் கண்ணாடி அறையிலிருந்து பார்த்திருக்கிறேன்.

அறுவை சிகிச்சை பற்றிக் கேட்க ஒரு மருத்துவரிடம் போனோம். அறையில் தொண்டையின் பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது. அந்தம்மா படத்தைக் காட்டவில்லை. தன் இரண்டு விரல்களை வி போலப் பிரித்து அக்காவின் முகத்துக்கு முன்னால் நீட்டினார்.

"இதான் குரல் நாண். விரல் சேர்ற இந்த முன்பக்கத்துல கொஞ்ச தூரம் தைச்சு ஒட்டிடுவோம். அதிர்ற நீளம் குறையும், சுருதி ஏறும். மயக்கம் குடுத்து வாய் வழியாவே பண்றது. வெளிய தழும்பு இருக்காது."

"கழுத்தைக் கீறிப் பண்றதும் இருக்குன்னாங்களே?"

"இருக்கு. ரெண்டு குருத்தெலும்பைக் கிட்ட இழுத்துக் கட்டுவாங்க. நாண் எப்பவும் முறுக்கி வெச்ச மாதிரி இருக்கும். ஆனா சிலருக்குக் கொஞ்ச வருஷத்துல தளர்ந்து குரல் பழையபடி இறங்கிடுது."

"இந்த முடிச்சைச் சீவிட்டா?" அக்கா தன் தொண்டையில் துருத்திய மேட்டைத் தொட்டாள்.

"அது கண்ணுக்கு. காதுக்கு ஒண்ணும் ஆகாது. அதிகமாச் சீவினா இருக்கற குரலும் கெட்டுடும்."

அதற்குப் பிறகு அவர் சொன்னவை ஒவ்வொன்றும் எனக்கு அடி விழுந்தது போல இருந்தன. தைத்ததைப் பிரித்துப் பழையபடி ஆக்க முடியாது. கீழ்க்குரல் போய்விடும். ஏறும் சுருதி எல்லாருக்கும் ஒரே அளவில் ஏறாது, சிலருக்குக் கரகரப்பு தங்கிவிடும். "சுருதியைத்தான் நான் ஏத்த முடியும். பேசற விதம் உங்க கையிலதான். பயிற்சியை விடக் கூடாது" என்றார். பிறகு ஏதோ சின்ன விஷயம் போல, "சத்தமும் குறையும். முன்ன மாதிரி கத்த வராது."

"கத்தவே வராதா?"

"பெரும்பாலும் வராது. என்ன வேலை பாக்கறீங்க?"

அக்கா சொன்னாள். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப நல்லா யோசிங்க."

அக்கா எழுந்துவிடுவாள் என்று நினைத்து நான் செருப்பைத் தேடிக் காலை நகர்த்தினேன். அவள், "எப்ப பண்ணலாம்?" என்றாள்.

திரும்பும்போது பேருந்தில் நான் பொறுக்காமல் கேட்டேன். "யார்டு போயிடுமேக்கா?"

"அந்த ஒரு வார்த்தைக்கு தினமும் செத்துப் பொழைக்கறேன்டா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். யார்டு அவளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அவ்வளவு பெரிய வண்டிகள் தன் சொல்லுக்கு நகர்வதைப் பார்த்து நிற்கும்போது அவள் முதுகே தனியாக நிமிர்ந்திருக்கும்.

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவள் பேசக் கூடாது. கிசுகிசுப்பது அதைவிட மோசமாம். செருமக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. கூப்பிட வேண்டுமென்றால் தட்டில் கரண்டியால் தட்டுவாள்.

"இந்த வீட்டுல ஒருத்தியாவது வாய மூடிக்கிட்டு இருக்கறது எவ்வளவு நிம்மதி தெரியுமா" என்பாள் அம்மா. அக்கா கரண்டியை ஓங்குவாள். "அடி, அடி. திட்டத்தான் முடியாதே!"

மௌனம் முடிந்த அன்று பயிற்சியாளரின் அறையில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். "மெல்ல ஒரு 'ம்' சொல்லுங்க" என்றார் அவர். அக்கா கண்ணை மூடிச் சொன்னாள். பக்கத்து அறையில் யாரோ நாற்காலியை இழுத்தது போல ஒரு சத்தம் வந்தது. அது அவளிடமிருந்துதான் வந்தது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"என்னடி இது?" அம்மா எழுந்தே விட்டாள். "இதுக்கா போய்த் தொண்டையத் தைச்சுக்கிட்டு வந்த?"

"வீக்கம்மா" என்றார் பயிற்சியாளர். "மாசக்கணக்காகும். இப்ப வர்றதை வெச்சு முடிவு கட்டாதீங்க."

அக்கா யாரையும் பார்க்கவில்லை. பெண் குரல் வருமா ஆண் குரல் வருமா என்றுதான் அத்தனை நாளும் பயந்திருந்தோம். இரண்டும் இல்லாத ஒன்று வரும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை.

மென்மையாகப் பேசலாம், கத்தவே கூடாது என்ற நிபந்தனையோடு அவள் வேலைக்குத் திரும்பினாள். குரல் இன்னும் கிழிந்த காகிதமாகத்தான் இருந்தது. முதலாளியம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"வாய் இல்லாம யார்டுல என்ன பண்ணுவ? பின்னாடி லேபிள் ஒட்டற ரூமுக்குப் போயிடு. ஜன்னல் இல்ல, ஆனா நிழல்."

"கையால பண்றேம்மா. கொஞ்ச நாள் பாருங்க."

சரியென்று விட்டார். ஓட்டுநர்களும் ஒத்துழைத்தார்கள். அவளைக் கண்ணாடியில் பார்த்தபடியே பின்வாங்குவார்கள். கை அசைந்தால் வரலாம், உள்ளங்கை உயர்ந்தால் நிற்கலாம். எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவள் நலனை விசாரிக்காத ஆள் இல்லை. புதுக் குரல் எப்படி இருக்கும் என்று சுமைக்காரர்கள் பந்தயம்கூடக் கட்டினார்கள். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை, நானும்தான். கண்ணாடியில் அக்காவே தெரியாமல் போனால் என்ன செய்வது?

அன்று வந்தவர் மெதுவா மாமா. ஓட்டுவது, சாப்பிடுவது, பதில் சொல்வது எல்லாமே மெதுவாக இருப்பதால் வந்த பெயர். வண்டி பின்வாங்கிக்கொண்டிருந்தது. சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் கட்டை ஒன்று மேடையடியில் கிடந்தது. இரும்புக் கொக்கியைத் தோளில் மாட்டித் திரிவதால் கொக்கி என்று பெயரெடுத்த சுமைக்காரன், அதை எடுக்க லாரிக்கும் மேடைக்கும் நடுவில் குனிந்தான்.

அக்கா பார்த்துவிட்டாள். கண்ணாடியில் தெரியும் தன் இடத்தை விட்டு அவனை நோக்கி ஓடினாள். மெதுவா மாமாவுக்குக் கண்ணாடியில் ஆளைக் காணோம். காதில் ஒன்றும் விழவில்லை. இத்தனை வருடப் பழக்கத்தில், ஒன்றும் விழவில்லையென்றால் வரலாம். அவர் வந்தார்.

அக்கா வாயைத் திறந்தாள்.

கழுத்து நரம்பு புடைத்தது. வாய் முழுதாகத் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. என் அறையின் கண்ணாடி தடுக்கிறது என்று நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன், என் அறைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. அவளிடமிருந்து காற்று மட்டும்தான் வந்துகொண்டிருந்தது.

அவள் கொக்கியின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். இருவரும் பக்கவாட்டில் விழுந்தார்கள். லாரியின் பின்பலகை மேடையில் மோதியது. என் மேஜை மேலிருந்த ரசீதுக் கட்டு துள்ளியது. முட்டுக்கட்டை சிம்பு சிம்பாகப் போயிருந்தது.

மெதுவா மாமா வாழ்நாளில் முதல்முறையாக வேகமாக இறங்கி ஓடி வந்தார். "ஏம்மா, போதும்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கத்திவிட்டு, தான் கேட்டது தனக்கே விளங்கியதும் தலையில் கைவைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். கொக்கி தன் கால்களைத் தடவிப் பார்த்தான். "ரெண்டும் என்னுதுதான்" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

அக்கா அவனைப் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடி தொண்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். தையல் பிரிந்துவிட்டதோ என்று பயப்படுகிறாள் என எனக்குப் புரிந்ததும் அவளை எழுப்பி மருத்துவரிடம் கூட்டிப்போனேன்.

மருத்துவர் மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுத் திரையில் பார்த்தார். ஈரமான, சிவந்த ஏதோ ஒன்று திறந்து மூடியது.

"தையல் நிக்குது" என்றார் கடைசியில். "வீங்கியிருக்கு, அவ்வளவுதான். உங்க நல்ல நேரம். இன்னொரு தடவை இப்படிக் கத்தப் பாத்தீங்கன்னா நான் பொறுப்பில்ல."

வெளியே பேருந்து நிறுத்தத்தில் அக்கா உட்கார்ந்தாள். பிறகு அந்தக் கிழிந்த குரலில் மெல்லச் சொன்னாள்.

"அவனைத் தேடினேன்டா."

"யாரைக்கா?"

"தும்மினா எட்டிப் பாப்பானே, அவனை. இன்னிக்கு மட்டும் வந்துட்டுப் போயேன்னு கெஞ்சினேன். உள்ள யாருமே இல்ல."

போக வேண்டிய பேருந்து வந்து, நின்று, போனது. இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் முதலாளியம்மா தயாராக இருந்தார். "நீயே பாத்தல்ல? பின்னாடி ரூமுக்குப் போயிடு."

அக்கா பையிலிருந்து கைபேசியை எடுத்தாள். நான் அசந்துபோனேன். ஒலித்தால் என்னிடம் நீட்டுவதற்கு மட்டுமே அவள் அதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். மெதுவா மாமாவை அழைத்தாள். அவர் தன் கைபேசியை ஸ்டீயரிங் பக்கத்துத் தாங்கியில் மாட்டி, சத்தத்தை முழுக்க வைத்தார்.

"மாமா, இனிமே சட்டம் தலைகீழ். நான் பேசிக்கிட்டே இருப்பேன். பேசற வரைக்கும் வாங்க. பேச்சு நின்னா நீங்களும் நிக்கணும். லைன் கட் ஆனாலும் நிக்கணும். எதுவும் கேக்கலேன்னா வரக் கூடாது."

மேடைக்கு முன்னால் ஒரு காலி டிரம்மை வைத்தார்கள். "வாங்க, வாங்க, கொஞ்சம் லெப்ட், வாங்க" என்று கதை சொல்வது போலப் பேசிக்கொண்டே இருந்தவள் பாதியில் வாயை மூடினாள். லாரி ஒரு சாண் தள்ளி நின்றது. மறுபடி செய்தார்கள். இந்த முறை முதலாளியம்மா சொல்லாமல் கொள்ளாமல் கைபேசியை அவள் கையிலிருந்து பிடுங்கி அணைத்தார். லாரி நின்றது.

"கொக்கி, அந்த டிரம் இருக்கற இடத்துல நீ நிப்பியா?" என்று கேட்டார்.

"மெதுவா மாமா ஓட்டினா நிப்பேம்மா. மத்தவனுங்க ஓட்டினா, மொதல்ல எனக்குக் கல்யாணம் ஆகட்டும், அப்புறம் பாக்கலாம்."

முதலாளியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி, பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மாதங்கள் போகப் போகக் குரலின் கிழிசல் குறைந்தது. மாற்றம் கொஞ்சம் கொஞ்சமாக வந்ததால் நாங்கள் கவனிக்கவே இல்லை. உரக்கப் பேச வரவில்லை. சந்தடியில் அவளை இரண்டு முறை திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது. வீட்டில் இன்னும் கரண்டியால்தான் தட்டுகிறாள். சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போகிறது, பாதி வழியில் நின்றுவிடுகிறது.

போன வாரம் வெளியூர் வண்டி ஒன்று வந்தது. ஓட்டுநர் எங்களுக்குப் புதியவர். நுழைவாயில் காவலாளி சட்டத்தைச் சொல்லி அக்காவின் எண்ணைக் கொடுத்து அனுப்பினார். அக்கா மேடை ஓரத்தில் நின்று வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தாள். வண்டி வந்துகொண்டிருந்தது. அவள் கைபேசியிலிருந்து அந்த ஆளின் குரல் என் அறை வரைக்கும் கேட்டது.

"சரிங்க மேடம். ரைட் ஒடிக்கவா மேடம்?"

அக்காவின் வாய் அப்படியே நின்றுவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ரசீதுப் பேனாவைப் பிடித்தபடி பாதி எழுந்திருந்தேன்.

யார்டின் நடுவில் லாரி நின்றிருந்தது. பின்னால் காத்திருந்த வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

"மேடம்? பின்னாடி யாராவது இருக்காங்களா? ஏன் மேடம் நிறுத்திட்டீங்க?"

அக்கா கைபேசியை உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"ஒண்ணும் இல்லைங்க" என்றாள். "வாங்க. வாங்க, வாங்க."