இரண்டு ட்ரக்டரும் ஒரு கயிறும்

1. கயிறு அறுந்தது

கயிறு அறுந்தபோது நான் கைகளைக் கட்டிக்கொண்டு பெருமையாக நின்றேன். கற்பிட்டிப் பக்கம் ஒரு படகுத் தளத்தில் நான் எஞ்சினியர். பழுதுபார்க்க வந்த, நாட்கணக்கில் கடலில் தங்கி மீன்பிடிக்கும் பலநாள் படகு ஒன்றைக் கடலோரக் களப்பிலிருந்து கரையேற்றிக்கொண்டிருந்தோம். இரண்டு ட்ரக்டர்களை அருகருகே நிறுத்தி, ஒரே கயிற்றில் பூட்டி இழுத்தோம். படகு பாதிச் சரிவு ஏறியதும் கயிறு அறுந்தது. படகு திரும்பக் களப்புக்கே போயிற்று, போகிற வழியில் முதலாளியின் புதிய இறங்குதுறையையும் கூட்டிக்கொண்டு. நல்லவேளை, ஆட்களுக்கு ஒன்றுமில்லை.

முதலாளி ஹாஜியார் என்னிடம்தான் வந்தார்.

"ரெண்டு ட்ரக்டரையும் இந்தக் கயிறு தாங்கும் எண்டு நேத்துத்தானே சேர் செல்லிக் காட்டினீங்க?"

"கயிறு தாங்கும். நசீர் கிளச்சைச் சட்டெண்டு விட்டுட்டான்" என்றேன்.

நசீர் ட்ரக்டர் சாரதிகளில் ஒருவன். "மெதுவாத்தான் விட்டேன் சேர்" என்றான். என்னிடம் பட்டச் சான்றிதழ் இருந்தது, அவனிடம் சாரதி அனுமதிப்பத்திரம் மட்டும். அன்றே அவன் வேலை போயிற்று. 'கயிறறுத்த நசீர்' என்று ஊர் பெயரும் வைத்துவிட்டது. அந்தப் பெயரோடு போனவனுக்கு எவரும் ட்ரக்டர் கொடுக்கவில்லை.

2. முந்தின நாள் சோதனை

ஹாஜியார் 'நேத்து' என்றது இந்தச் சோதனையைத்தான். கயிற்றின் இரு முனைகளிலும் ஒவ்வொரு ட்ரக்டரைக் கட்டி, எதிரெதிராக இழுக்கவைத்தேன். சக்கரங்கள் மணலில் சுழன்றன. எதுவும் நகரவில்லை, கயிறும் அறவில்லை. "இப்ப ரெண்டு ட்ரக்டரின்ட இழுவையும் கயித்தில இருக்கு" என்று அறிவித்தேன்.

ஏன் ஒன்றும் நகரவில்லை என்று ஹாஜியார் கேட்டார். தாக்கமும் மறுதாக்கமும் சமனும் எதிருமானவை, ஒன்றையொன்று வெட்டி இல்லாமலாக்கிவிடும் என்றேன். இரண்டு பேச்சு, இரண்டு பிழை. எனக்குப் படிப்பித்த பேராசிரியர் கேட்டிருந்தால் சான்றிதழைத் திருப்பி வாங்கியிருப்பார்.

3. அம்புக்குறிகள்

கயிறு அறுந்த அன்று பின்னேரம், என் பக்கம் நியாயம் என்று காட்ட ஒரு படம் கீறினேன். படம் எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

சோதனையில் இரண்டு ட்ரக்டர்களும் இழுத்தது ஒரே கயிற்றை. ஒரே பொருளின்மேல் இரண்டு விசைகள், சமனாகவும் எதிராகவும். அதனால்தான் கயிறு எந்தப் பக்கமும் போகவில்லை. இவை சமநிலை விசைகள். கயிற்றில் இருந்த இழுவிசை ஒரு ட்ரக்டருடையது மட்டுமே. மறுமுனையைத் தென்னைமரத்தில் கட்டியிருந்தாலும் அதே இழுவிசைதான். மறுநாள் இரண்டும் ஒரே பக்கம் இழுத்தபோது அது இரட்டிப்பாயிற்று. கயிறு என்ன செய்யும்?

தாக்கமும் மறுதாக்கமும் வேறு சங்கதி. ட்ரக்டர் கயிற்றை இழுக்கிறது, கயிறு ட்ரக்டரை இழுக்கிறது. ஒன்று கயிற்றின்மேல், மற்றது ட்ரக்டரின்மேல். வேறு வேறு பொருள்களின்மேல் இருப்பவை ஒன்றையொன்று வெட்ட முடியாது. சமநிலை குலைந்து படகு ஓடினாலும், கயிறு இருக்கும்வரை இந்தச் சோடி சமனாகவே இருக்கும். இதைப் படிக்கும் பிள்ளைகளே, அம்புக்குறி போட்டால் அது எதன்மேல் என்று பக்கத்தில் எழுதுங்கள்.

எனக்கு எல்லாம் விளங்கியது. படத்தைக் கிழித்துப் போட்டேன். ஓய்வு பெறும்வரை வாய் திறக்கவில்லை.

4. தேத்தண்ணிக் கடை

ஓய்வுக்குப் பிறகு நசீரைத் தேடிப் போனேன். குறிஞ்சிப்பிட்டியில் ஓட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். பிழை என்னுடையது என்று சொன்னேன். ஓட்டோவின் கண்ணாடியைத் துடைத்து முடித்துவிட்டுத்தான் பேசினான்.

"எனக்கிட்டச் செல்லி என்ன சேர்? எனக்குத்தான் தெரியுமே. ஹாஜியாருக்கிட்டச் செல்லுங்க, ஆக்கள் இருக்கக்குள்ள."

நான் உடப்பு ஆள், இந்து; தொழுகைக்குப் போகிறவனில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆட்கள் வரும்வரை பள்ளிவாசலுக்கு எதிரே தேத்தண்ணிக் கடையில் நசீரோடு காத்திருந்தேன். ஹாஜியார் வந்தார். சிந்திய பிளேன்டீயில் விரலைத் தொட்டு மேசையில் அம்புக்குறிகள் கீறி, எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

"அப்ப சோதனையில அந்த ரெண்டாவது ட்ரக்டருக்கு டீசல் அடிச்சது சும்மாவா?" என்று ஹாஜியார் முதலில் டீசலுக்குத் துக்கப்பட்டார். பிறகு நசீரை நாளைக்கே வேலைக்கு வரச் சொன்னார்.

"வேணாம் ஹாஜியார். இப்ப என்ட வண்டிய நானே ஓட்டுறேன்" என்றான் நசீர்.

அந்தி மஃரிப் தொழுகைக்கு முன்பே எனக்கும் ஒரு பெயர் வந்துவிட்டது, 'கயிறறுத்த எஞ்சினியர்'. இனி அவனுடைய பெயர் கழன்றுவிடும் என்று கணக்குப் போட்டேன். போன கிழமை கடைக்காரரிடம் நசீரின் ஓட்டோவைக் கூப்பிடச் சொன்னேன்.

"எந்த நசீர்? கயிறறுத்த நசீரா?"

"ஓம்" என்றேன்.

இரண்டு பெயர்களும் சமன்தான். ஆனால் இருப்பது வேறு வேறு ஆட்களின்மேல். ஒன்று மற்றதை வெட்டாது.