ஆற்றில் இறக்கிய லாக்

செஞ்சிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் அசீசுன்னிசாவுக்குச் சுள்ளென்று வரும். அவள் வீட்டுக்காரர் உமர் பாரூக் பதினோரு வருஷமாகப் பம்பாய்ச் சரக்குக் கப்பலில் சுக்கான் பிடிக்கிறார். அவளோ கடலைக் கண்ணால் பார்த்ததில்லை.

அறுபத்து மூன்றாம் வருஷம் லீவுக்கு வந்தபோது, கப்பலில் கழித்துப்போட்ட ஒரு லாக்கைக் கொண்டுவந்தார். கப்பல் எத்தனை மைல் ஓடியது என்று காட்டும் பித்தளைச் சாமான் அது. கயிற்றில் கட்டிக் கடலில் விட்டால், வாலில் உள்ள தகடு தண்ணீரில் சுற்றும். வயிற்றில் உள்ள முள் நகரும். ஆனால் மேலே இழுத்தால்தான் கணக்குத் தெரியும். இப்போது மாட்டியிருக்கிற புதுசுக்கு அந்த வம்பே இல்லை, முள் கப்பலின் பின்பக்கக் கைப்பிடிக் கட்டையிலேயே இருக்கிறது, நின்றபடி பார்த்துக்கொள்ளலாம் என்று பெருமையாகச் சொன்னார். இந்த மனுஷரும் பழைய மாடல்தான், வீட்டுக்கு இழுத்துவந்து நாலு நாள் கேட்டால்தான் ஏதாவது தெரியும் என்று அவள் மனசுக்குள் சிரித்துக்கொண்டாள்.

மறுவருஷம் ஐப்பசியில் கடிதம் வந்தது. ஒப்பந்தம் முடிகிறது, இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் கேட்பார். ஒவ்வொரு தடவையும் இவள் ‘உங்கள் இஷ்டம்’ என்று எழுதிவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து அழுவாள். நல்ல பெண்டாட்டி அப்படித்தான் எழுதுவாள் என்று யார்தான் இவளுக்குச் சொன்னார்களோ!

இந்த முறை பதில் எழுதக் கை வரவில்லை. பத்து நாள் தள்ளிப்போட்டாள். சங்கராபரணியில் வெள்ளம் வந்த அன்று, என்ன தோன்றியதோ, லாக்கை எடுத்துக்கொண்டு போய்க் கரைமரத்தில் கட்டி ஆற்றில் இறக்கினாள். துணி துவைக்க வந்த கமலாம்பாள், மீன் பிடிக்கிறாயா என்று கேலி செய்தாள். ஒரு மணி நேரம் கழித்து இழுத்துப் பார்த்தால் மூன்று மைல் காட்டியது. நின்ற இடத்தை விட்டு அவள் ஒரு அடி நகரவில்லை. தண்ணீர்தான் ஓடியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் இன்லண்டு லெட்டரை எடுத்தாள்.

“நான் சும்மா வூட்டுல நிக்கிறேன்னு நெனச்சிருப்பீங்க. பதினோரு வருஷம் எம்மேல ஓடியிருக்குது. இழுத்துப் பாக்கத்தான் ஆளில்ல. கையெழுத்துப் போடாதீங்க. எனக்கு நீங்க வேணும்.”

பேசுகிற மாதிரியே எழுதினாள். ஒரு எழுத்தையும் அடிக்கவில்லை.

இருபது நாளில் பதில் வந்தது. உன் கடிதம் தாமதமானது, எப்படியும் ‘உங்கள் இஷ்டம்’ என்றுதானே எழுதுவாய் என்று போன மாதமே கையெழுத்துப் போட்டுவிட்டேன், இப்போது உன் எழுத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதியிருந்தார்.

அசீசுன்னிசா அன்று அடுப்படிக்குப் போகவில்லை. கூடத்தில், மாமியார் பார்க்கவே அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டு வருஷம் கழித்து அவர் கேட்கப்போகும் கேள்விக்கு அன்றைக்கே பதில் எழுதித் தபாலில் போட்டாள்.

“வந்துடுங்க.”